மேசையின் எட்டு விதிகள்

மே 2, வெள்ளி

இதில் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். எனக்கு நல்ல பெயர் வர வேண்டும் என்பதற்காக எதையும் கூட்டவோ குறைக்கவோ மாட்டேன். என் பெயர் பெர்னதெத். வயது பதினான்கு. பள்ளி திறந்தால் பத்தாம் வகுப்பு. வீட்டில் அப்பா, அம்மா, தங்கை ஜெசிந்தா. அவளுக்குப் பத்து வயது.

இந்த நோட்டை எனக்குக் கொடுத்தவர் கிளாரிஸ் அத்தை. அப்பாவின் அக்கா. இருபத்திரண்டு வருடமாகப் பாரிசுக்குப் பக்கத்தில் இருக்கிறார். மாமா இறந்து நான்கு வருடம் ஆகிறது. பிள்ளைகள் இல்லை. நேற்றுதான் பாண்டிச்சேரி வந்து சேர்ந்தார். நோட்டுக்கு நீல அட்டை, ஒரு சின்னப் பூட்டு, அதற்கு ஒரு சாவி. திறந்ததும் முகர்ந்து பார்த்தேன். நம் ஊர் நோட்டின் வாசனை இல்லை.

ஜெசிக்கு அத்தை கொடுத்தது ஒரு சிவப்புக் கோட்டு. கம்பளி. மரப் பொத்தான்கள். உள்பக்கம் வழவழவென்று இருக்கிறது. மே மாதப் பாண்டிச்சேரியில் கம்பளிக் கோட்டு எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஒரு பெண்ணுக்குக் குளிர்கால உடுப்பைக் கொடுத்தால், குளிர் இருக்கிற ஊருக்கு அவளைக் கூட்டிப் போகப் போகிறார்கள் என்றுதானே அர்த்தம்?

மே 3, சனி

ஜெசி கோட்டைப் போட்டுக்கொண்டு பால் வாங்கப் போய் வியர்த்துக் கொட்டித் திரும்பினாள். அத்தை விழுந்து விழுந்து சிரித்து அவளைக் கட்டிக்கொண்டார். நான் பாத்திரம் துலக்கினேன்.

மே 5, திங்கள்

அத்தை வந்த காரணம் தெரிந்துவிட்டது. நான் ஒட்டுக் கேட்கவில்லை. பின்பக்கம் கொடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன், சமையலறை ஜன்னல் திறந்திருந்தது. துணியெல்லாம் போட்டு முடித்த பிறகும் அங்கேயே நின்றேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

“ரெண்டு பேர்ல ஒருத்திய எங்கூட அனுப்பு மர்செலின். அங்க படிக்க வெச்சு ஆளாக்கறது என் பொறுப்பு. எனக்கும் வீட்டுக்குள்ள ஒரு பேச்சுச் சத்தம் வேணும்” என்றார் அத்தை.

யாரை என்று அப்பா கேட்டார். அத்தை இன்னும் முடிவு செய்யவில்லையாம். பெரியவள் நன்றாகப் படிக்கிறாள், ஆனால் சின்னவளுக்குப் பாஷை சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும் என்றார். அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த சத்தம் நின்றுபோனது.

பள்ளியில் பிரெஞ்சு எடுத்துப் படிப்பது நான். கடைசித் தேர்வில் தொண்ணூற்றாறு. பாரிஸ் நகரத்து ஆற்றின் மேல் இருக்கும் பாலங்களின் பெயர்களைக் கிழக்கிலிருந்து மேற்காக வரிசை மாறாமல் சொல்வேன். ஜெசிக்கு பிரெஞ்சில் நன்றி சொல்லக்கூடத் தெரியாது. அவளுக்குப் பேசத்தான் தெரியும். யாரிடமும், எதைப் பற்றியும், மூச்சு விடாமல்.

மே 7, புதன்

நானும் ஜெசியும் ஒரே கட்டிலில் படுக்கிறோம். சுவிட்சு என் பக்கம். நான் படித்து முடிக்கும் வரை விளக்கு எரியும். ஜெசி ஒருநாளும் முணுமுணுத்ததில்லை. “ஒரே ஒரு பக்கம் சத்தமா படிக்கா” என்பாள், பக்கம் முடிவதற்குள் தூங்கிவிடுவாள்.

இன்று கேட்டாள். தொண்டை சரியில்லை என்று சொல்லிவிட்டு மனதுக்குள் படித்தேன்.

மே 9, வெள்ளி

வெள்ளிக்கிழமை என்பதால் மீன் குழம்பு. அம்மா வழக்கம்போல ஜெசியின் தட்டைத் தன் பக்கம் இழுத்து, மீனை விரலால் அழுத்தி அழுத்தித் தடவி முள் எடுத்தாள். ஒரு முள்ளும் தப்பாது. பத்து வயதுப் பெண்ணுக்கு இது தேவையா என்று அத்தைகூடக் கேட்டார். “இவளுக்கு முழுங்கற அவசரம் அண்ணி” என்றாள் அம்மா. எனக்கு முள் எடுத்துத் தருவது எப்போது நின்றது என்று யோசித்தேன். ஜெசி சோறு சாப்பிடத் தொடங்கியபோதாகத்தான் இருக்க வேண்டும். எனக்கு அப்போது ஐந்து வயது.

சாப்பிட்டு முடித்ததும் அத்தை ஒன்று சொன்னார். வருகிற புதன்கிழமை அவருக்கு ஐம்பது வயது முடிகிறது. கடற்கரைக்குப் பக்கத்து பிரெஞ்சு ஓட்டலுக்கு எல்லோரையும் கூட்டிப் போகிறார். ஆறு வகைச் சாப்பாடு, ஒன்று முடிந்தால்தான் அடுத்தது வருமாம். அன்றைக்கு அவர் எங்களைக் கவனிக்கப் போகிறார். இதை அத்தை சொல்லவில்லை. எனக்குத் தெரியும்.

மே 11, ஞாயிறு

நூலகத்தில் அட்டை கிழிந்த ஒரு மனையியல் புத்தகம் கிடைத்தது. மேசையில் எப்படிச் சாப்பிட வேண்டும் என்று அதில் ஒரு பாடம், படங்களுடன் எட்டு விதிகள். வெளியே இருக்கும் கரண்டியிலிருந்து தொடங்கி உள்ளே வர வேண்டும். சூப்பை உறிஞ்சக் கூடாது. தன் தட்டை இன்னொருவரிடம் நீட்டக் கூடாது. கத்தியையும் முள்கரண்டியையும் இணையாக வைத்தால் போதும் என்று அர்த்தம், தட்டை எடுத்துப் போய்விடுவார்கள். இப்படி எட்டும் எனக்கு மனப்பாடம்.

ஜெசி தனக்கும் சொல்லித் தரச் சொல்லிக் கெஞ்சினாள். தான் ஏதாவது தப்பு செய்து அத்தைக்கு அவமானமாகிவிடுமோ என்று பயப்படுகிறாள். சொல்லித் தந்தேன். விரல் விட்டு எண்ணி எண்ணி ஒப்பித்தாள். இரண்டு கையும் சரியாகப் போயிற்று, ஞாபகம் வைத்துக்கொள்ள வசதி என்று சந்தோஷப்பட்டாள்.

மே 13, செவ்வாய்

முள்கரண்டி வீட்டில் இல்லை. சீப்பை வைத்து இட்லி வெட்டப் பழகினேன். அம்மா சீப்பைப் பிடுங்கிக்கொண்டு போனாள்.

மே 14, புதன்

ஒன்பதரைக்குத் திரும்பினோம். இன்று எழுத முடியாது.

மே 15, வியாழன்

நேற்று நடந்தது.

ஓட்டல் ஒரு பழைய மஞ்சள் கட்டடம். நடுவில் திறந்த முற்றம், சுவர் முழுக்கக் காகிதப்பூக் கொடி. அம்மா ஈஸ்டருக்கு எடுத்த பச்சைப் புடவை கட்டியிருந்தாள். அப்பா முழுக்கைச் சட்டை. ஜெசி சிவப்புக் கோட்டைப் போடுவேன் என்று அடம் பிடிக்காதது ஆச்சரியம். மேசையின் தலைமாட்டில் அத்தை, அவருக்கு வலப்பக்கம் நான், எனக்கு எதிரே ஜெசி. அப்பாவும் அம்மாவும் அந்தக் கோடியில்.

பரிமாற வந்தவர் வெள்ளைச் சட்டையில் ஏழுமலை என்று பெயர் குத்தியிருந்தார். நான் “போன்சுவார் மெஸ்யே” என்று பிரெஞ்சில் மாலை வணக்கம் சொன்னேன். “வாம்மா, நல்லா உக்காரு” என்றார்.

முதலில் வெங்காய சூப்பும் ஒரு கூடை ரொட்டியும். இவ்வளவுதான் சாப்பாடு என்று நினைத்து அப்பா ஐந்து துண்டு ரொட்டி சாப்பிட்டுவிட்டார். அடுத்து அவித்த முட்டை, அதன் மேல் கெட்டியான வெள்ளைக் குழம்பு. மின்துறை அலுவலகத்தில் தனக்கு மேலே இருப்பவரைப் பற்றி அப்பா அத்தையிடம் சொல்லத் தொடங்கினார். கையாட்டிப் பேச வசதியாகக் கத்தியையும் முள்கரண்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஏழுமலை வந்து தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அப்பா அதில் ஒரு வாய்தான் சாப்பிட்டிருந்தார். போகிற தட்டையே பார்த்துக்கொண்டு, “நான் என்ன தப்பு பண்ணேன்?” என்றார்.

அத்தைக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இருபத்திரண்டு வருடத்தில் தானே இப்படிப்பட்ட இடத்துக்கு மூன்று தடவைதான் போயிருப்பதாகவும், முதல் தடவை தனக்கும் இதேதான் நடந்தது என்றும் சொன்னார். வேறு நாளாக இருந்தால் ஜெசி இந்த இடத்தில் ஏதாவது சொல்லி மேசையையே சிரிப்பில் உருட்டியிருப்பாள். நேற்று உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தோள் மட்டும் குலுங்கியது.

“என்ன ஜெசி, ஊமையாயிட்டியா?” என்று அத்தை கேட்டார். “இல்ல அத்தை” என்று சொல்லிவிட்டு மறுபடி வாயை மூடிக்கொண்டாள். அவள் பேசாததால் மேசை அமைதியாக இருந்தது. அந்த அமைதியில் நான் பேசினேன். பிரெஞ்சு வினைச்சொற்களைப் பற்றிச் சொன்னேன். அத்தை என் பக்கமே திரும்பி உட்கார்ந்தார். இப்படி ஒரு சாயங்காலம் எனக்கு இதுவரை கிடைத்ததில்லை.

மூன்றாவதாக மீன். முழுச் சங்கரா, வெண்ணெயில் வாட்டி, எலுமிச்சையும் ஏதோ பச்சை இலையும் தூவியது. ஏழுமலை அதைப் பிரித்து ஆளுக்கொரு பங்கு வைத்தார். ஜெசி பழக்கத்தில் தன் தட்டைத் தூக்கி அம்மா பக்கம் நீட்டப் போனாள். என்னைப் பார்த்தாள். கீழே வைத்துவிட்டாள். இது புத்தகத்தில் இருக்கிற விதிதான்.

அத்தையிடம் பாலங்களின் பெயர்களைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போது ஜெசிக்குத் தொண்டையில் முள் குத்திவிட்டது. வாயைத் திறக்கவில்லை, இருமவில்லை. கண்ணில் மட்டும் தண்ணீர் கோத்து நின்றது. பார்த்த உடனே எழுந்தேன்.

அம்மா தம்ளரைத் தட்டிவிட்டு ஓடி வந்தாள். அப்பா ஜெசியின் முதுகில் தட்டினார். அத்தை எழுந்து நின்று ஏதேதோ பிரெஞ்சில் கத்தினார். எனக்கு பிரெஞ்சில் ஒரு வார்த்தைகூட ஞாபகம் வரவில்லை. “சோறு வேணும், ஒரு கை வெறும் சோறு” என்று ஏழுமலையிடம் சொன்னேன். அந்த ஓட்டலின் சாப்பாட்டுப் பட்டியலில் சோறு கிடையாது. அவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார், உள்ளே ஓடினார். சமையல்காரர்கள் தங்களுக்கென்று வடித்து வைத்திருந்த சோற்றிலிருந்து ஒரு கிண்ணம் வந்தது. ஆவி பறந்தது. கையாலேயே பிசைந்து உருண்டை பிடித்தேன். “மெல்லாத. அப்படியே முழுங்கு” என்றேன். முதல் உருண்டைக்குப் போகவில்லை. மூன்றாவதற்குப் போயிற்று.

அதற்குப் பிறகு வந்த கோழியையும் பாலாடைக்கட்டியையும் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. கடைசியாக வந்த காரமெல் இனிப்பை ஜெசி மட்டும் ஸ்பூனால் சுரண்டிச் சுரண்டித் தின்றாள். ஏழுமலை அவளுக்கு இன்னொன்று கொண்டுவந்து வைத்தார். “சோத்துக்கு இது தொட்டுக்க” என்றார்.

மே 16, வெள்ளி

அத்தை முடிவைச் சொல்லிவிட்டார். நான்தான்.

“எல்லாரும் பதறிப் போய் நின்னோம். நானே கால் ஓடல, கை ஓடலன்னு நின்னேன். என்ன வேணும்னு தெரிஞ்சு கேட்டது இவ ஒருத்திதான். தங்கச்சிய இப்பிடிப் பாத்துக்கற பொண்ணு எங்க போனாலும் பொழச்சுக்கும்” என்றார். அப்பா என் தலையில் கை வைத்தார். அம்மா சிரித்தாள், உடனே ஏதோ அடுப்பில் இருப்பதாகச் சொல்லி உள்ளே போனாள். அடுப்பில் ஒன்றும் இல்லை.

ஜெசி கை தட்டினாள். உள்ளே ஓடிப் போய்ச் சிவப்புக் கோட்டை எடுத்து வந்து என் மடியில் போட்டாள். எனக்குக் கை பத்தாது, ஆனால் தோளில் போர்த்திக்கொள்ளலாம் என்றாள். அவளுக்குத் தொண்டை இன்னும் எரிகிறது. கஞ்சிதான் குடிக்கிறாள்.

கோட்டைப் பற்றி அத்தையிடம் கேட்டேவிட்டேன். ஜெசிக்கு ஏன் கோட்டு வாங்கினீர்கள் என்று. அத்தை சிரித்தார். வாங்கவில்லையாம். பாரிசில் ஒரு வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவருக்கு. அந்த வீட்டுப் பெண் வளர்ந்துவிட்டதால் சின்னதாகிப் போன கோட்டு அது. எடுத்துப் போ என்று கொடுத்தார்கள், பெட்டியில் இடம் இருந்தது, கொண்டுவந்தார்.

“ஒன் நோட்டுதான் கடைல வாங்குனது. நீலமா பச்சையான்னு முடிவு பண்ண முடியாம அரை மணி நேரம் நின்னேன்” என்றார்.

சந்தோஷமாக இருக்கிறேன் என்று எழுத வேண்டிய நாள். நேற்று எழுதியதில் ஒரு திருத்தம் இருக்கிறது. பிறகு செய்கிறேன்.

மே 17, சனி

அத்தை பாஸ்போர்ட்டுக்கு என்னைப் படம் எடுக்கக் கூட்டிப் போனார். படத்தில் என் முகம் எனக்குப் பிடிக்கவில்லை. ஜெசி இரவில் “ஒரு பக்கம்” என்று கேட்டாள். படித்தேன். மூன்று பக்கம் படித்தேன். அவள் முதல் பக்கத்திலேயே தூங்கிவிட்டாள்.

மே 18, ஞாயிறு

பூசை முடிந்து வந்து அம்மா மீன் வறுத்தாள். ஜெசிக்குத் தொண்டை சரியாகிவிட்டது. அம்மா அவளுக்கு முள் எடுத்துக்கொண்டிருந்தபோது வாசலில் யாரோ கூப்பிட்டார்கள், எழுந்து போனாள். ஜெசி காத்திருக்காமல் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டாள்.

மெல்வதை நிறுத்தினாள். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். வீட்டில், தரையில் பாய் போட்டு உட்கார்ந்து, கையால் சாப்பிடுகிறோம். முள்ளை எடுத்துத் தட்டோரம் வைக்க வேண்டியதுதான். அவள் என்னைப் பார்த்தாள். இரண்டு கையையும் தூக்கிப் பத்து விரலையும் விரித்துக் காட்டினாள். புருவத்தை உயர்த்திக் கேட்டாள்.

பத்தாவது விதி இங்கேயும் உண்டா என்று கேட்கிறாள்.

“எடு. எடுத்துடு” என்றேன். எடுத்தாள். சின்ன முள்தான்.

அது என்ன பத்து என்று அத்தை கேட்டார். இது எங்கள் இரண்டு பேருக்குள் இருக்கிற விளையாட்டு என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். ஜெசியும் தலையாட்டியிருப்பாள். நான் சொல்லிவிட்டேன்.

இங்கும் எழுதுகிறேன். புத்தகத்தில் இருப்பது எட்டு விதி. ஜெசிக்குச் சொல்லிக் கொடுத்தது பத்து. ஒன்பதாவது, யாராவது கேட்டால்தான் பேச வேண்டும். பத்தாவது, வாய்க்குள் போனதை எந்தக் காரணத்துக்காகவும் வெளியே எடுக்கக் கூடாது, எடுத்தால் குடும்பத்தையே எழுப்பி வெளியே அனுப்பிவிடுவார்கள். இரண்டும் என் கையிலிருந்து போட்டவை. அவள் பேசினால் அத்தை அவளைத்தான் பார்ப்பார் என்பதற்காக ஒன்பது. பத்து எதற்கு என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. அம்மாவின் விரல்கள் ஞாபகம் வந்தன, சொல்லிவிட்டேன்.

பதினைந்தாம் தேதிப் பக்கத்தில் “பார்த்த உடனே எழுந்தேன்” என்று இருக்கிறது. அது பொய். ஜெசி மெல்வதை நிறுத்தியபோதே பார்த்துவிட்டேன். ஏதோ ஆகிவிட்டது என்று தெரிந்தது. அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்ல வேண்டிய பாலம் இன்னும் ஏழு மீதி இருந்தது. ஏழையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

இதையும் அவர்களிடம் சொன்னேன்.

அப்பா கையை ஓங்கினார், பிறகு தொடையில் வைத்துக்கொண்டார். அம்மா வாசலிலிருந்து திரும்பி வந்து நின்றபடி எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். “ஏன்டி” என்று மட்டும் சொன்னாள். ஜெசியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். பத்து வயதுப் பெண்ணின் கால்கள் தரையில் நீண்டு கிடந்தன. அந்த நேரத்திலும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. எழுதுவேன் என்று சொன்னதால் எழுதுகிறேன்.

ஜெசி என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “அப்ப அந்தத் தட்ட நீட்டக் கூடாதுங்கறது?” அது நிஜம் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகு பகல் முழுவதும் என்னோடு பேசவில்லை. யாரோடும் பேசவில்லை.

மே 19, திங்கள்

காலையில் அத்தை என்னை மாடிக்குக் கூப்பிட்டார். கோபமாக இல்லை. களைத்த மாதிரி இருந்தார். இந்தத் தடவை தான் தனியாகவே போவதாகச் சொன்னார்.

“நான் காலைல ஆறு மணிக்குப் போனா ராத்திரி எட்டுக்குத்தான் வீட்டுக்கு வருவேன். வந்தா சொல்றதக் கேட்டு நம்பணும். இப்ப எனக்குக் கொஞ்சம் பயமா இருக்குது பெர்னா” என்றார். படியில் இறங்கப் போனவர் திரும்பினார். “அடுத்த வருஷம் வரும்போது ஜெசியக் கேப்பேன். அக்காவ அனுப்பலாம்னு அவ சொன்னா, நீ வா.”

சரி என்றேன். பாஸ்போர்ட் படங்களை அத்தை என்னிடமே கொடுத்துவிட்டார். இந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

சாப்பாட்டுக்குக் கத்தரிக்காய். அப்பா விரல்களைத் தட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, யாராவது தட்டை எடுக்கிறார்களா என்று பார்த்தார். ஜெசி சிரித்துவிட்டாள். என் பக்கம் பார்க்காமல்தான் சிரித்தாள்.

இப்போது படுக்கையில் இருக்கிறோம். ஜெசி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள், மேலே சிவப்புக் கோட்டைப் போர்த்திக்கொண்டு. வியர்க்கிறது, எடுக்க மாட்டேன் என்கிறாள். நான் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அவள் கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. புத்தகத்தை மூடிவிட்டு இதை எழுத ஆரம்பித்தேன்.

பாதி எழுதியபோது சுவரைப் பார்த்தபடியே, “பதினொண்ணாவது விதி” என்றாள்.

என்ன என்றேன்.

“அடுத்த வருஷம் அத்தைகிட்ட நான் என்ன சொல்வேன்னு நீ கேக்கக் கூடாது. நானா சொல்ற வரைக்கும் வாயத் தெறக்கக் கூடாது.”

சரி என்று சொல்ல வாயெடுத்தேன்.

“தெறக்கக் கூடாதுன்னேன்.”

தலையாட்டினேன். அவள் பார்க்கவில்லை. ஆனாலும் ஆட்டினேன்.

“பன்னண்டு. லைட்ட அணைக்கணும். நான் சொன்ன உடனே. எழுதி முடிச்சுட்டு இல்ல.”

கடைசி வரிகளை இருட்டில் எழுதுகிறேன். கோணலாகத்தான் இருக்கும். அவள் சொன்ன உடனே விளக்கை அணைத்துவிட்டேன்.